கப்பல் வந்தடைந்துள்ளது

தெருவில் அவளுக்கு ரேடியோக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அவளே தினமும் மாலைச் செய்தியின் தொடக்கத்தில் நாட்டுக்கே சொல்லிக்கொண்டும் இருந்தாள். ஆனாலும் மளிகைக்கடைக்காரர் முதல் கீழ்வீட்டுத் தையல்காரி வரை எல்லோருக்கும் அவள் ரேடியோக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். குரலுக்கு வயது தெரிவதில்லை.

அரசாங்க வானொலியில் அவள் டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். ஒரு மாலை, வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "அந்தப் பொண்ணு டெலிபோன் எடுத்துப் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம் சார்" என்று யாரோ சொல்ல, அவளைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தலையில் நரை வந்துவிட்டது, மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, நாற்காலி மட்டும் மாறவில்லை.

அந்த அறையின் சுவர் முழுக்கத் தடித்த துணி ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினால் உலகம் அணைந்துபோகும். தன் மூச்சும் தாளின் சரசரப்பும்தான் மிச்சம். சிவப்பு விளக்கு எரிந்ததும் எழுத்து கண் வழியாக உள்ளே போகும், வாய் வழியாக வெளியே வரும். நடுவில் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரம் பார்த்து எங்கேயாவது உலாத்தப் போய்விடும். அணைகளின் நீர்மட்டம் வாசிக்கையில் அது தண்ணீரில் மல்லாந்து மிதக்கும். அமைச்சர் பாலம் திறந்தார் என்று வாசிக்கையில் பாலத்தின் நடுவில் நின்று காற்று வாங்கும். இத்தனை வருஷமாக நாட்டின் செய்திகளுக்குள் அவள் தூக்கத்தில் நடப்பவளைப் போலத்தான் நடந்துகொண்டிருந்தாள். எங்கும் இடித்துக்கொண்டதில்லை.

பிறகு தாளில் வரும் சொற்கள் மாறத் தொடங்கின.

முதலில் 'அந்நியச் செலாவணிக் கையிருப்பு' வந்தது. நீளமான, வழவழப்பான சொல். நாக்கில் கூழாங்கல் மாதிரி உருண்டு போகும். எப்போதாவது வந்தது, தினமும் வர ஆரம்பித்தது. அதன் பின்னாலேயே 'தற்காலிகமாக' வந்தது. கார் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தம். கண்ணாடிச் சாமான், காகிதம், வாசனை சோப்பு எல்லாம் தற்காலிகமாக நிறுத்தம். மின்சாரமும் தற்காலிகமாக நிறுத்தம். கடைசியில் 'பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை' வந்து சேர்ந்தது. அவள் அந்த வரியை அத்தனை இதமாகச் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் ஜனம் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடும்.

"ரேடியோக்கா 'பதற்றமடைய'ன்னு ஆரம்பிச்சதுமே நான் ஷட்டர இழுத்துடறேன்" என்றார் மளிகைக்கடைக்காரர். "இல்லன்னா கடையையே தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கப்பல் வராத நாளிலும் அவர் ஏணியேறி உச்சிக் கூண்டில் போய் உட்கார்ந்துகொள்வார்.

"சும்மா எதுக்குங்க அவ்ளோ உசரம் ஏறறீங்க?"

"சம்பளம் குடுக்கறான், ஏறி உக்கார்றேன். காத்து நல்லா வருது."

அங்கிருந்து பார்த்தால் கடலின் விளிம்பில் கப்பல்கள் நிற்பது தெரியுமாம். மாவுக் கப்பல், மருந்துக் கப்பல், எண்ணெய்க் கப்பல். எல்லாம் நம் ஊருக்கு வந்தவைதான். ஆனால் உள்ளே வராது. "கையில டாலர வெச்சாத்தான் உள்ள வருவேன்றான். நம்மகிட்ட ஏது டாலர்? வாங்கின கடனுக்கு வட்டி கட்டியே எல்லாம் கரைஞ்சு போச்சு" என்று அவர் சொன்னபோதுதான், தான் உருட்டி உருட்டி வாசித்த நீளமான சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று அவளுக்கு உறைத்தது. கையிருப்பு என்றால் கையில் இருப்பது. கையில் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பெட்ரோல் இல்லாமல் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றுபோயின. பஸ்ஸின் மூக்கின் மேல் பூனைகள் படுத்துத் தூங்கின. ஊரில் சத்தம் அடங்க அடங்க, இதுவரை யாரும் கேட்டிராத தெருக்களில் எல்லாம் அலைச் சத்தம் கேட்டது. கடல் இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்று பல பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. மாலையில் மின்சாரம் போனதும் வீட்டுக்கு வீடு ஜன்னலோரத்தில் பேட்டரி ரேடியோவை வைத்துவிடுவார்கள். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் கிரேன்காரர் செய்தி முழுவதையும் கேட்டுவிடுவார். ஒரு ஜன்னலில் விட்ட வாக்கியத்தை அடுத்த ஜன்னல் முடித்துக் கொடுக்கும்.

"ஒரு வார்த்தகூட விடல. நீ என்கூடவே நடந்து வந்த மாதிரி இருந்துச்சு" என்பார். அவளுக்கு அது கனவில் யாரோ சொன்னதைப் போல இருக்கும். தன் குரலைத் தெருவில் அவள் கேட்டதே இல்லை. அது உலாவுகிற நேரத்தில் அவள் கண்ணாடி அறைக்குள் இருப்பாள்.

சமையல் எரிவாயு அடியோடு நின்றுபோன சமயம். ஒரு மாலை தாளில் இப்படி இருந்தது: எரிவாயு ஏற்றிய கப்பல் துறைமுகத்தை வந்தடைந்துள்ளது. நாளை முதல் விநியோகம் சீராகும். பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை.

அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. அந்த 'வந்தடைந்துள்ளது'வை ஊஞ்சல் ஆட்டுவது போல ஆட்டி வாசித்தாள். மறுநாள் விடிவதற்கு முன்பே ஊரில் பாதிப்பேர் காலி சிலிண்டரோடு வரிசையில் நின்றார்கள். மத்தியானம் வரை நின்றார்கள். லாரி வரவில்லை. அடுத்த நாளும் நின்றார்கள். வரவில்லை.

கிரேன்காரர் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். "கப்பல் வந்தது நெசந்தான். நான் கண்ணால பார்த்தேன். ஆனா கேஸ இறக்கற குழாய மாட்ட மாட்டேன்றான். காசு வந்தாத்தான் மாட்டுவானாம்."

"அப்ப நான் சொன்னது பொய்யா?"

"பொய்யின்னு சொல்ல முடியாது. வந்தடைஞ்சுதானே இருக்கு" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

கீழ்வீட்டுத் தையல்காரி தட்டைப் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை. விறகுப் புகையில் கண் சிவந்து, மாடிப்படி வரைக்கும் வந்து கேட்டாள். "ஏன்க்கா, அவங்க என்ன எழுதிக் குடுத்தாலும் வாசிச்சிருவீங்களா? ரெண்டு நாள் தைக்காம போய் நின்னேன்க்கா. நீங்க சொன்னீங்கன்னு நின்னேன்."



அன்று முதல் அவள் வெளியில் வாய் திறப்பதைக் குறைத்தாள். முகத்தை யாருக்கும் தெரியாது, குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. அடுத்த முறை எரிவாயு வரும் என்று அறிவிப்பு வந்து, அவளும் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு தூரத்துத் தெரு ஒன்றில் வரிசைக்குப் போனபோது, யாரோ "கடைசி ஆள் நீங்களா?" என்று கேட்டார்கள். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

"ஐயோ பாவம், வாய் பேச முடியாதவங்க போலருக்கு" என்றது ஒரு குரல். சட்டென்று வரிசை இளகியது. ஒருவர் அவள் சிலிண்டரை வாங்கி நிழலில் வைத்தார். ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, விவரம் புரியாத ஒரு சுகமாகவும் இருந்தது. அந்தத் தெரு சரிவான தெரு. வெயிலில் சிலிண்டர்களின் நிழல்கள் குட்டையாகி, மறுபக்கம் சாய்ந்து, மெல்ல நீண்டன. மனிதர்கள் நின்றபடியே தூங்கினார்கள். தூக்கத்திலேயே ஓரடி நகர்ந்தார்கள். குரலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தவளாக அவளும் அந்த மயக்கத்துக்குள் நின்றாள்.

முன்னால் நின்றவர் டாக்சி ஓட்டுபவர். பதில் வராது என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு ஊற்றெடுத்துவிட்டது. வண்டி நின்று எத்தனை நாளாயிற்று, மாமனார் எப்படியெல்லாம் குத்திப் பேசுகிறார், ராத்திரி தனியாகப் போய் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதது, எல்லாம் சொன்னார்.

"அப்புறம் அந்த ரேடியோல வாசிக்கற அம்மா இருக்காங்களே" என்றார். அவள் விறைத்துப்போனாள். "சொல்றதெல்லாம் சுத்தப் புளுகு. எனக்கும் தெரியும். ஆனா அந்தக் குரலக் கேட்டாத்தாங்க எங்க வீட்ல எல்லாருக்கும் தூக்கம் வருது. புளுகா இருந்தா என்ன, தூக்கம் நெசம்தானே? அதான் கோவமா வருது. நெசத்த இதே மாதிரி சொல்லித் தொலைஞ்சா என்னவாம்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போது மேலே யாரோ கைதவறி விட்ட சிலிண்டர் ஒன்று சரிவில் கடகடவென்று உருண்டு வந்தது. நேர் கீழே, நடைபாதை ஓரத்தில், பெரியவர் ஒருவர் முழங்காலில் முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். யோசிக்க நேரமில்லை. இத்தனை வருஷமாகப் பழகிய வாய் தன் பழக்கப்படியே திறந்துகொண்டது.

"பெரியவரே! உடனடியாக விலகுங்கள்!"

கணீரென்று, ஒரு எழுத்து பிசகாமல், அப்படியே செய்தித் தமிழ். பெரியவர் துள்ளி விலகினார். சிலிண்டர் சுவரில் மோதி நின்றது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உலகத்தில் வேறு யார் இப்படிக் கத்துவார்கள்?

"ரேடியோ" என்றது யாரோ ஒரு பெண்ணின் குரல், மெதுவாக.

டாக்சிக்காரர் காது வரை சிவந்துவிட்டார். "அடப்பாவமே, வாய் பேச முடியாதவங்கன்னு நெனச்சு என் மாமனார் கதையெல்லாம் சொல்லிட்டேனே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள்தான் அதிகம். "போன தடவ கப்பல் வந்துடுச்சுன்னு சொன்னது நீங்கதானே?" என்று கேட்டார் ஒருவர். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரல்.

"எழுதிக் குடுத்தத வாசிச்சேங்க." வெளியில் வந்தபோது அந்த வாக்கியம் அவளுக்கே வெறுங்கையாகத் தெரிந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கும் லாரி வரவில்லை. பொழுது சாய்ந்ததும் எல்லோரும் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனார்கள்.

அந்த வாரமே ஒரு மாலை, தாளில் இன்னொரு கப்பல் இருந்தது.

அவள் நிலைய இயக்குநரிடம் தாளைக் கொண்டுபோனாள். அவர் பயந்த சுபாவம், நல்ல மனிதர். "சார், இது இன்னும் கடல்ல நிக்குது. எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு வந்திருக்கார். இறக்கலன்னு ஒரு வரி சேத்துக்கலாமா?"

"ஒரு கமாவச் சேக்கக்கூட எனக்கு அதிகாரம் இல்லம்மா. இருக்கறத வாசிங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிச்சிட்டிருக்கு."

சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று அவள் மனசு எங்கும் உலாத்தப் போகவில்லை. பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தது. கப்பல் வந்தடைந்துள்ளது வரைக்கும் வாசித்தாள். நிறுத்தினாள். பிறகு, தன் சமையலறையில் நின்று பேசுவதைப் போலச் சொன்னாள்:

"கப்பல் வந்திருக்குங்க. ஆனா இன்னும் எதையும் இறக்கல. நாளைக்குக் காலைல யாரும் போய் வரிசைல நிக்காதீங்க. வீட்ல தூங்குங்க."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இயக்குநர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. மிச்சச் செய்தியை அவள் எப்போதும் போல வாசித்து முடித்தாள். வானிலையைக்கூட விடவில்லை.

வெளியே வந்ததும் அவர் கேட்டது இதுதான். "அரசாங்கத்த மீறினதக்கூட விடுங்கம்மா. செய்தில போய்ப் பேச்சுத் தமிழ் பேசிட்டீங்களேம்மா! இந்தக் கட்டடம் கட்டின நாள்லேருந்து அப்படி ஒரு வார்த்த வெளிய போனதில்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சிரித்த கையோடு அழவும் செய்தார். விசாரணை வந்தது. அவளை மைக்கிலிருந்து எடுத்து இசைத்தட்டு அறைக்கு மாற்றினார்கள்.

அவள் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் காலை ஊரில் எந்த வரிசையும் இல்லை. தையல்காரி கதவைத் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. "நல்லாத் தூங்கினேன்க்கா" என்று மாடியைப் பார்த்துச் சொன்னாள்.

இசைத்தட்டு அறை நிலவறையில் இருந்தது. செத்துப்போன பாடகர்களின் குரல்கள் அட்டை உறைகளுக்குள் அடுக்கடுக்காகத் தூங்கின. அவற்றைத் துடைத்து வைப்பதுதான் வேலை. மத்தியான வேளைகளில் சின்ன ஜன்னல் வழியே ஒரு துண்டு வெளிச்சம் இறங்கும், தூசி அதில் மெல்ல ஏறி இறங்கும். அவள் அதையே பார்த்துக்கொண்டு இருப்பாள். மேலே அவளுடைய இடத்தில் புதிதாக வந்த பெண் வாசித்தாள். நல்ல பெண்தான். வாசிக்கும்போது குரல் நடுங்கும்.

ஊர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டது. நிதி அமைச்சகத்தின் வாசலில் ஜனங்கள் காலி சிலிண்டர்களைக் கல்லால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் கிடையாது, அந்தச் சத்தம் மட்டும், பகல் முழுக்க. அமைச்சர் ராஜினாமா செய்தார். புதிதாக வந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. பதவியேற்ற மத்தியானமே அவர் வானொலி நிலையத்துக்கு போன் போட்டார்.

"வரிசைல நிக்காதீங்கன்னு சொன்னாங்களே ஒரு அம்மா. அவங்க இருக்காங்களா? இன்னைக்குச் செய்திய அவங்கதான் வாசிக்கணும்."

இயக்குநர் படியிறங்கி ஓடி வந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். தாளில் கொஞ்சம்தான் இருந்தது. வெளிநாட்டுக் கடன்கள் எதையும் இனித் திருப்பிச் செலுத்த இயலாத நிலையில் அரசு உள்ளது. கையிலிருக்கும் பணம் மருந்துக்கும் உணவுக்கும் எரிபொருளுக்கும் மட்டுமே செலவிடப்படும். 'பதற்றமடையத் தேவையில்லை' இல்லவே இல்லை. அவள் ஒருமுறை தாளைப் புரட்டிக்கூடப் பார்த்துக்கொண்டாள்.

நாடு திவாலாகிவிட்டது என்பதை அவள் ஆட்டாமல், அசைக்காமல், ஒரே சீராக வாசித்தாள். அன்று நடந்து வந்த கிரேன்காரர், எந்த ஜன்னலிலும் வேறு சத்தமே இல்லை என்றார். குக்கர் சத்தம் இல்லை, சண்டைச் சத்தம் இல்லை. "எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு. நீ முடிச்சதும்தான் விட்டாங்க. ஒருத்தன் 'அப்பாடா'ன்னான். எதுக்குன்னு அவனுக்கே தெரியாது."

அதன் பிறகு தினமும் செய்தி முடிந்ததும், அமைச்சர் சொன்னபடி, அன்றைய நிலவரத்தை அவள் பேச்சுத் தமிழில் சொன்னாள். இன்னைக்கு எரிவாயு இல்லைங்க. வடக்குப் பக்கம் பெட்ரோல் கொஞ்சம் வரும், ஆம்புலன்ஸுக்கு மட்டும். மாவு கப்பல்லேருந்து இறங்கிட்டிருக்கு, நாலு நாள் பொறுங்க. பெரும்பாலும் இல்லை, இல்லை, இல்லைதான். ஆனாலும் ஜனம் அதற்காகக் காத்திருந்தது. ரேஷன் அட்டைக்கு இத்தனை என்று எல்லாவற்றுக்கும் அளவு வைத்தார்கள். அரசாங்க அலுவலகங்களைப் பாதி நாள் மூடினார்கள். மின்கட்டணம் ஏறியது, வரி ஏறியது, சம்பளம் ஏறவில்லை. கடன் கொடுக்கிற நாடுகளிலிருந்து ஒரு குழு வந்து ஹோட்டலில் தங்கிக் கணக்குப் பார்த்தது. தையல்காரி மெஷினை விற்றாள். பிறகு தவணையில் ஒரு பழைய மெஷின் வாங்கினாள். மெல்ல மெல்ல, யாரும் கவனிக்காத மாதிரி, 'இல்லை'கள் குறைந்தன. பஸ்ஸின் மேல் படுத்த பூனைகளை ஒருநாள் டிரைவர்கள் எழுப்பிவிட்டார்கள்.

குழு புதிய கடன் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. அரசாங்கம் தன் செலவைச் சுருக்க வேண்டும். எதையெல்லாம் மூடலாம் என்று பார்த்ததில் அரசு வானொலியின் மாலைச் செய்தியும் அகப்பட்டது. அமைச்சர் மறுபடியும் போன் செய்தார். "வேற வழி தெரியலம்மா. உங்களக் கூப்பிட்டவளே நான்தான். மன்னிச்சுக்கங்க."

"பரவால்லங்க" என்றாள் அவள். "அதையும் நானே வாசிச்சிடறேன்."

வாசித்தாள். மூடப்படும் நிறுவனங்களின் வரிசையில் ஒரு வார்த்தையாகத் தன் வேலை வந்தபோது குரல் தடுமாறவில்லை. நிலவரம் சொல்லும் நேரத்தில், எரிவாயு எல்லாக் கடையிலும் இருக்கு, விலைதான் அதிகம் என்றாள். நன்றி, வணக்கம் என்று முடித்தாள். விளக்கு அணைந்தது. இயக்குநர் டீ வாங்கி வைத்திருந்தார். இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தார்கள். நாற்காலி முதுகுக்கு வைத்திருந்த சின்னத் தலையணையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

வாசலில் பஸ் வந்து நின்றது. நடந்தே பழகிவிட்டிருந்தவள், என்ன தோன்றியதோ, ஏறிவிட்டாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. கடைகளில் விளக்கு எரிந்தது. யார் யாரோ சத்தமாகப் பேரம் பேசினார்கள். பஸ் ஆட்டிய ஆட்டத்தில் கண் சொக்கியது. அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. கடைத்தெரு போனது, பாலம் போனது. வீடுகள் குறைந்து மரங்கள் வந்தன. அவள் வாயைத் திறந்துகொண்டு, ஒரு கனவும் இல்லாமல் தூங்கினாள்.

தோளைத் தட்டியது கண்டக்டர். பஸ் காலியாக இருந்தது. வெளியே பார்த்தறியாத ஒரு திடல், ஒரே ஒரு டீக்கடை.

"கடைசி ஸ்டாப்மா. எங்க இறங்கணும் நீங்க?"

அவள் இடத்தைச் சொன்னாள். தூக்கக் கலக்கத்தில் குரல் கரகரவென்று, வேறு யாருடையதோ போல வந்தது.

"அது எப்பவோ போயிடுச்சே" என்று சிரித்தார் அவர். "சரி, இறங்க வேணாம், அப்படியே உக்காருங்க. டிரைவர் டீ குடிச்சிட்டு வந்ததும் இதே வண்டிதான் திரும்பிப் போகும்."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து ஜன்னலில் காற்று நன்றாக வருவதைப் பார்த்து, எழுந்து போய் அங்கே உட்கார்ந்தாள்.